எலும்பு உரம்பெறும் பருவம்

நுழையும்முன்

படைவீரன் என்றதும் உரமேறிய தோளும் தளராத நடையும் மனக்கண்ணில் தோன்றும். அவ்வுடலைத் தாங்கி நிற்கும் எலும்பைப் பற்றிய எண்ணம் எளிதில் எழுவதில்லை. பகைவர் எவருமில்லாத பயிற்சித் திடலில், வீழாமலும் மோதாமலும் இளவீரர்களின் கால் எலும்புகள் முறிவது உண்டு. ஏன் முறிகின்றன என்னும் வினா, மருத்துவ உலகை ஒன்றரை நூற்றாண்டாகச் சிந்திக்க வைத்துள்ளது. அவ்வினாவுக்குக் கிடைத்த விடைகள், படைவீரர்க்கு மட்டுமன்றிப் பள்ளிப் பருவத்தினர்க்கும் உரியவை.

வீங்கிய பாதம்

ஆண்டு 1855. பிரஷ்ய நாட்டுப் படையில் பணியாற்றிய மருத்துவர் பிரைட்ஹவுப்ட் விந்தையான ஒரு நோயைக் கண்டார். படையில் புதிதாகச் சேர்ந்த இளைஞர்கள் முதுகில் சுமையுடன் நெடுந்தொலைவு அணிவகுத்து நடந்தனர். சில நாள்களில் அவர்களுள் சிலருக்குப் பாதம் வீங்கியது. கால் ஊன்ற முடியாத வலி தோன்றியது. அவர்கள் எங்கும் விழவில்லை, எதனோடும் மோதவில்லை. தசைநார்களைச் சூழ்ந்த உறைகளில் ஏற்பட்ட அழற்சியே காரணம் என்று அம்மருத்துவர் கருதினார். உடலைத் திறவாமல் உள்ளிருப்பதைக் காணும் கருவி அந்நாளில் இல்லை.

நாற்பது ஆண்டுகள் கழிந்தன. 1895 இல் ஜெர்மானிய இயற்பியல் அறிஞர் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். ஈராண்டுகளில், 1897 இல், ஸ்டெக்கோவ் என்னும் படை மருத்துவர் அக்கதிரைக் கொண்டு வீரர்களின் வீங்கிய பாதங்களைப் படமெடுத்தார். தசைநாரில் இருப்பதாக நம்பப்பட்ட கோளாறு உண்மையில் எலும்பில் இருந்தது. பாதத்தின் நீண்ட மெல்லெலும்புகளில் கீறல் விழுந்திருந்தது. நடையால் நேர்ந்ததாதலின் அதற்கு ‘அணிநடை முறிவு’ என்று பெயர் வழங்கலாயிற்று. இன்றைய மருத்துவம் இதனைத் ‘தகைவு முறிவு’ என்னும் வகையில் அடக்குகிறது.

மெல்லிய கம்பியொன்றை ஒருமுறை வளைத்தால் அது உடைவதில்லை. அதே இடத்தில் மீண்டும் மீண்டும் வளைத்து நிமிர்த்தினால் இறுதியில் இரண்டாகிறது. பெரிய அடி எதுவும் விழாமலேயே கம்பி உடைந்தது எவ்வாறோ அவ்வாறே தகைவு முறிவும் நிகழ்கிறது. ஒவ்வோர் அடியும் சிறிது. அடிகளின் எண்ணிக்கை பெரிது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. கம்பி உயிரற்றது; எலும்பு உயிருள்ளது.

உயிருள்ள கட்டுமானம்

அருங்காட்சியகத்திலும் ஆய்வகத்திலும் காணப்படும் உலர்ந்த எலும்பு, எலும்பைப் பற்றிய தவறான எண்ணத்தை விதைத்துவிடுகிறது. உடலினுள் உள்ள எலும்பில் குருதி ஓடுகிறது; உயிரணுக்கள் வாழ்கின்றன. கால்சியமும் பாஸ்பரசும் சேர்ந்த கனிமங்கள் எலும்புக்குக் கடினத்தைத் தருகின்றன. கொலாஜன் என்னும் புரத இழைகள் வளைந்து கொடுக்கும் தன்மையைத் தருகின்றன. உடலிலுள்ள கால்சியத்தில் ஏறத்தாழ 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலுமே உள்ளது. குறிப்பிட்ட பரப்பில் அமைந்துள்ள கனிமத்தின் அளவையே மருத்துவர்கள் எலும்பு அடர்த்தி எனக் கணக்கிடுகின்றனர்.

எலும்பில் இருவகை உயிரணுக்கள் ஓயாது தொழிற்படுகின்றன. ஒருவகை, பழுதுற்ற பகுதியை அரித்து அகற்றும். மற்றொருவகை, அவ்விடத்தில் புதிய எலும்பை அமைக்கும். பழைய சுவரை இடித்துப் புதுச்சுவர் எழுப்பும் கொத்தனார்களின் வேலை போன்றது இது. இடிப்பது விரைவில் முடியும். கட்டுவதற்குக் காலம் பிடிக்கும். அரித்தல் சில வாரங்களில் நிறைவுறும். அவ்விடம் புதிய எலும்பால் நிறைந்து உறுதிபெறச் சில மாதங்கள் ஆகும்.

எங்குச் சுமை மிகுகிறதோ அங்கு எலும்பு தன்னை வலுப்படுத்திக்கொள்ளும்; சுமை நீங்கினால் மெலியும். இவ்வுண்மையை 1892 இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் தம் நூலில் நிறுவினார். எனவே உடற்பயிற்சி எலும்புக்குப் பகையன்று. அதுவே எலும்பின் ஆசான். ஆயின் படைப்பயிற்சியில் எலும்பு முறிவது ஏன்?

தெரிந்து தெளிவோம்

டென்னிசு வீரர்களுக்கு மட்டை பிடிக்கும் கையின் எலும்பு மற்றொரு கையின் எலும்பைவிடத் தடித்திருக்கும். விண்வெளி நிலையத்தில் எடையின்றி மிதந்து வாழும் வீரர்களோ, இடுப்பெலும்பின் அடர்த்தியில் மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு விழுக்காட்டினை இழக்கின்றனர். இதனால் அவர்கள் நாள்தோறும் இரண்டு மணி நேரத்திற்குக் குறையாமல் உடற்பயிற்சிக்கு ஒதுக்குகின்றனர்.

விரைவும் அவகாசமும்

புதிய இளவீரர் ஒருவர் முகாமுக்குள் நுழையும் நாளில் அவருடைய வாழ்க்கை முழுவதும் மாறுகிறது. நேற்றுவரை மேசை முன் அமர்ந்திருந்தவர் இன்று விடியற்காலை முதல் ஓடுகிறார், நடக்கிறார், சுமை தூக்குகிறார். இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிக்கொள்கின்றன. தசையும் விரைந்து வலுப்பெறுகிறது. எலும்போ புதிய சுமைக்கேற்பத் தன்னைத் திருத்தியமைக்கும் வேலையை அப்போதுதான் தொடங்குகிறது. பழுதான பகுதிகள் அரிக்கப்பட்டு, புதியவை இன்னும் நிரம்பாத அந்த இடைவேளையில் எலும்பு முன்னிருந்ததைவிடச் சற்றே நலிந்திருக்கும். அவ்வேளையிலும் பயிற்சியின் கடுமை குறையாதிருப்பின் நுண்கீறல்கள் ஒன்றுசேர்கின்றன. பயிற்சியின் முதல் சில வாரங்களிலேயே கணைக்கால் எலும்பிலும் பாத எலும்பிலும் முறிவுகள் மிகுதியாகத் தோன்றுவதன் காரணம் இதுவே.

இதில் இளவீரரின் மனவுறுதி குறைவு என்று சொல்ல ஏதுமில்லை. சொல்லப்போனால், வலியைப் பொறுத்துக்கொண்டு ஓடுபவரின் எலும்பே பெரிதும் முறிகிறது. மாறா வலியைக் கோழைத்தனமென்று மறைப்பவர், சில வார ஓய்வில் ஆறக்கூடிய கீறலைப் பல மாதம் படுக்கையில் கிடத்தும் முறிவாக வளர்த்துவிடுகிறார். தொடையெலும்பின் கழுத்துப் பகுதியில் அத்தகைய முறிவு நேர்ந்தால் வாழ்நாள் முழுதும் ஊனம் நிலைக்கவும் கூடும்.

ஒரே முகாமில், ஒரே பயிற்சியில், ஒரே காலணியுடன் ஓடுவோருள் சிலருக்கு மட்டும் எலும்பு முறிவது ஏன் என்பது அடுத்த வினா. அதற்கான விடை, முகாமுக்கு வருமுன் அவர்கள் வாழ்ந்த வாழ்க்கையில் இருந்தது.

வெயில் குறைந்த நாடு

ஐரோப்பாவின் வடகோடியிலுள்ள பின்லாந்தில் ஆண்கள் 18 வயதுக்குப்பின் படைப்பணி ஆற்றுவது சட்டப்படியான கடமை. அந்நாட்டின் நீண்ட குளிர்காலத்தில் கதிரவன் வானில் தாழ்ந்தே செல்வான். தோலில் வைட்டமின் டி உருவாகத் தேவையான புறஊதாக் கதிர் அப்போது போதிய அளவில் நிலத்தை எட்டுவதில்லை. உணவிலுள்ள கால்சியத்தைக் குடல் உறிஞ்சுவதற்குத் துணைநிற்பது வைட்டமின் டி. அது குறைந்தால், உண்ட கால்சியத்தின் பெரும்பகுதி எலும்பைச் சேராமலே வெளியேறும்.

பின்லாந்தின் ஆய்வாளர்கள் படையில் சேர்ந்த 756 இளைஞர்களின் குருதியில் பயிற்சியின் தொடக்கத்தில் வைட்டமின் டி அளவைக் கணித்தனர். பின்னர் ஏறத்தாழ மூன்று மாதம் அவர்களைக் கண்காணித்தனர். 22 பேருக்குத் தகைவு முறிவு ஏற்பட்டது. முறிவுற்றோரின் வைட்டமின் டி அளவு பிறருடையதைவிடக் குறைந்திருந்தது. 2006 இல் வெளிவந்த இவ்வாய்வு, முறிவின் தடம் முகாமுக்கு வெளியே நீள்வதைக் காட்டியது.

அந்நாட்டு அரசு 2003 ஆம் ஆண்டிலேயே கடைகளில் விற்கப்படும் பாலில் வைட்டமின் டி சேர்க்கும் முறையைக் கொணர்ந்திருந்தது. அதன்பின் குளிர்காலத்தில் படைப்பணியிலிருந்த இளைஞர்களை ஆராய்ந்தபோது, வைட்டமின் டி குறைபாடு உடையோர் தொகை முன்னிருந்ததில் பாதியளவுக்குக் குறைந்திருந்தது. நாள்தோறும் அருந்தும் ஒரு குவளைப் பால், ஒரு தலைமுறையின் உடல்நிலையை மாற்றியது.

தொடர்பா, காரணமா?

இரண்டு நிகழ்வுகள் ஒன்றாகக் காணப்படுவதனாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. வைட்டமின் டி குறைந்தவர் வெளியில் ஓடி ஆடாதவராகவும் இருக்கலாம். முறிவுக்கு அதுவே காரணமாகவும் அமையலாம். இவ்வையத்தைத் தீர்க்க வேறுவகை ஆய்வு தேவைப்பட்டது.

அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த 5,201 இளம்பெண்கள் அத்தகைய ஆய்வுக்கு முன்வந்தனர். இல்லினாய்ஸ் மாநிலத்தின் கிரேட் லேக்ஸ் பயிற்சி நிலையத்தில், எட்டு வாரப் பயிற்சிக் காலத்தில், குலுக்கல் முறையில் அவர்கள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர்க்கு நாள்தோறும் 2,000 மில்லிகிராம் கால்சியமும் 800 அலகு வைட்டமின் டி-யும் தரப்பட்டன. மறுபிரிவினர்க்குச் சத்து எதுவுமற்ற, தோற்றத்தில் ஒத்த மாத்திரைகள் தரப்பட்டன. 2008 இல் வெளியான முடிவுகளின்படி, சத்து பெற்ற பிரிவில் தகைவு முறிவு ஏறத்தாழ 20 விழுக்காடு குறைவாக இருந்தது. உணவுச்சத்து எலும்பைக் காக்கிறது என்பது ஆய்வால் உறுதிப்பட்டது. முறிவு முற்றிலும் நின்றுவிடவில்லை என்பதும் கருதத்தக்கது. எட்டு வாரத்து மாத்திரை, பல்லாண்டுப் பற்றாக்குறையை முழுதும் ஈடுசெய்வதில்லை.

பழக்கத்தின் கணக்கு

அமெரிக்கத் தரைப்படையில் சேர்ந்த 3,758 பெண்களின் பழக்கவழக்கங்களை ஆராய்ந்த மற்றோர் ஆய்வு 2001 இல் வெளிவந்தது. அவர்களுள் 8.5 விழுக்காட்டினர் தகைவு முறிவுக்கு ஆளாயினர். புகைபிடித்தோர், மிகுதியாக மது அருந்தியோர், உடல் எடை குறைந்தோர் ஆகியோரிடத்தில் முறிவு மிகுந்து காணப்பட்டது. படையில் சேருமுன்பே நாள்தோறும் உடற்பயிற்சி செய்துவந்தோரிடத்தில் குறைந்திருந்தது. புகையிலை, எலும்பைக் கட்டும் உயிரணுக்களின் செயலை மந்தப்படுத்துகிறது.

எடை குறைவதன் பின்னே உணவுக்குறைவு மறைந்திருப்பதுண்டு. உழைப்பு மிகுந்து உணவு குறைந்தால் உடல் சிக்கனம் பிடிக்கத் தொடங்கும். உடனடித் தேவைகளான இதயத்துடிப்பு, மூச்சு முதலியவற்றைக் காத்து, எலும்பாக்கம் போன்ற நெடுநாள் பணிகளை ஒத்திவைக்கும். பெண்களுக்கு இந்நிலையில் மாதவிடாய் தடைப்படும். எலும்பைக் காக்கும் ஈஸ்ட்ரோஜன் சுரப்பும் குறையும். மெலிந்த தோற்றத்தை விரும்பி உணவைத் தவிர்ப்போர் அறியவேண்டிய உண்மை இது. ஆகவே கால்சியம் மட்டும் போதாது. புரதமும் போதிய ஆற்றலும் உள்ள முழு உணவே எலும்புக்கு உரியது.

உறக்கம் என்னும் மருந்து

இஸ்ரேல் நாட்டில் இளைஞர்க்குப் படைப்பணி கட்டாயமாகும். 1980களின் தொடக்கத்தில் அந்நாட்டின் காலாட்படைப் பயிற்சியில் 295 வீரர்களை ஆய்ந்தபோது 31 விழுக்காட்டினர்க்குத் தகைவு முறிவு காணப்பட்டது. காலணி மாற்றம் உள்ளிட்ட பலவழிகளை அந்நாட்டு மருத்துவர்கள் பல்லாண்டுகள் ஆராய்ந்தனர். பெரும்பயன் தந்தவை எளிய இரு மாற்றங்களே. ஒன்று, இரவில் குறைந்தது ஆறு மணி நேர உறக்கத்தைக் கட்டாயமாக்கியது. மற்றொன்று, நடக்கும் மொத்தத் தொலைவைக் குறைத்தது. இவற்றால் முறிவுகள் 60 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தன.

அந்நாட்டு ஆய்வுகள் மேலும் ஓர் உண்மையை உணர்த்தின. படையில் சேருமுன் குறைந்தது ஈராண்டுகள் கூடைப்பந்து போன்ற பந்து விளையாட்டுகளில் ஈடுபட்டிருந்தோர்க்கு முறிவு குறைவாக ஏற்பட்டது. துள்ளுதலும் திடீரெனத் திரும்புதலும் எலும்பைப் பலதிசைகளில் அசைத்து உரமூட்டுகின்றன. விளையாட்டுத் திடலில் செலவிட்ட மாலைப்பொழுதுகள் வீணாகவில்லை. அவை எலும்பில் எழுதப்பட்டிருந்தன.

வளர்பருவத்தின் வைப்புநிதி

பின்லாந்தின் பால் குவளையும் கூடைப்பந்துத் திடலும் உணர்த்துவது ஒன்றே. பயிற்சி முகாம் எலும்பைச் சோதிக்கிறது. எலும்பை உருவாக்குவது அதற்கு முந்தைய காலம். உடல் விரைந்து உயரும் ஆண்டுகளில் எலும்பும் விரைந்து சேர்கிறது. முழுவளர்ச்சியில் எட்டும் எலும்புத் திரளில் ஏறத்தாழக் கால்பங்கு, வளர்ச்சி மிகும் இரண்டே ஆண்டுகளில் சேர்ந்துவிடுகிறது. இருபது வயதை ஒட்டிப் பெரும்பகுதி நிறைவடைகிறது. நடுவயதுக்குப்பின் சேர்ப்பதைவிடச் செலவு மிகுதி. வளர்பருவத்தில் சேமித்ததே முதுமையிலும் கைகொடுக்கும்.

தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்பு மாணவர் பலர் படைப்பணியை விரும்புகின்றனர். ஆள்சேர்ப்பு முகாமில் 1.6 கிலோமீட்டர் ஓட்டத்தைக் குறித்த நேரத்திற்குள் முடித்தாக வேண்டும். அதற்கென ஈராண்டு எதுவும் செய்யாமலிருந்து, முகாமுக்கு முந்தைய மாதத்தில் தார்ச்சாலையில் நாள்தோறும் பத்துக் கிலோமீட்டர் ஓடத் தொடங்குபவர், பிரஷ்ய வீரர்கள் ஏற்ற இடரையே தாமும் ஏற்கிறார். சிறிது சிறிதாகத் தொலைவைக் கூட்டி, வாரத்தில் ஓய்வுநாள் வைத்து, பல மாதம் பழகுபவரின் எலும்புக்குத் திருந்தியமைய அவகாசம் கிடைக்கிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, 16 முதல் 18 வயதினர்க்கு நாள்தோறும் 1,050 மில்லிகிராம் கால்சியம் தேவை. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் உள்ளது. பால், தயிர், மோர், எள், முருங்கைக்கீரை, முள்ளோடு உண்ணும் நெத்திலி ஆகியனவும் கால்சியம் மிக்கவை. கேழ்வரகுக் களியும் எள்ளுருண்டையும் விலைமிக்க உணவுகள் அல்ல. வெயில் மிகுந்த இந்நாட்டிலும் வைட்டமின் டி குறைபாடு பரவலாக உள்ளது. வகுப்பறையிலிருந்து தனிப்பயிற்சி வகுப்புக்கும் அங்கிருந்து வீட்டிற்கும் செல்லும் வாழ்க்கையில் கதிரவனுக்கு இடம் குறைந்துவிட்டது. மாத்திரைகளை மருத்துவர் அறிவுரையின்றி உட்கொள்வது தீங்கு தரும். திடலில் விளையாடுவதற்கோ மருத்துவர் சீட்டு வேண்டுவதில்லை.

படையில் சேர்பவர் சிலரே. எனினும் வயலில் நாற்றுக்கட்டு சுமப்பவரும், மருத்துவமனையில் நோயாளியைத் தூக்கி அமர்த்தும் செவிலியரும், எழுபது வயதில் பேரக்குழந்தையை இடுப்பில் ஏந்துபவரும் எலும்பின் உரத்தை நம்பியே நிற்கின்றனர். உணவும் உறக்கமும் விளையாட்டும் வெயிலும் சேர்ந்து அவ்வுரத்தைச் சமைக்கும் பருவம், பதினோராம் வகுப்பில் அமர்ந்திருப்போரின் பருவமே ஆகும்.

சொல்லும் பொருளும்

உரம் – வலிமை
தகைவு – ஓரலகுப் பரப்பில் செயல்படும் விசை
அழற்சி – வீக்கமும் வலியும் கூடிய உடல்நிலை
கணைக்கால் – முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்ட பகுதி
எலும்பாக்கம் – புதிய எலும்பு உருவாதல்

இலக்கணக்குறிப்பு

உணவும் உறக்கமும் – எண்ணும்மை
இளவீரர் – பண்புத்தொகை
வளர்பருவம் – வினைத்தொகை
மாறா வலி – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்

பகுபத உறுப்பிலக்கணம்

நடந்தனர் = நட + த்(ந்) + த் + அன் + அர்
நட – பகுதி. த் – சந்தி, ‘ந்’ ஆனது விகாரம். த் – இறந்தகால இடைநிலை. அன் – சாரியை. அர் – பலர்பால் வினைமுற்று விகுதி.

உடைந்தது = உடை + த்(ந்) + த் + அ + து
உடை – பகுதி. த் – சந்தி, ‘ந்’ ஆனது விகாரம். த் – இறந்தகால இடைநிலை. அ – சாரியை. து – ஒன்றன்பால் வினைமுற்று விகுதி.

பயிற்சி

பலவுள் தெரிக

1. வீரர்களின் பாத வீக்கத்திற்கு எலும்பு முறிவே காரணம் என்பதை உறுதிப்படுத்த உதவியது
அ) நுண்ணோக்கி ஆ) எக்ஸ் கதிர் இ) குருதி ஆய்வு ஈ) வெப்பமானி

2. கூற்று: படைப்பயிற்சியின் முதல் சில வாரங்களில் தகைவு முறிவு மிகுதி.
காரணம்: எலும்பை அரித்தல் விரைவாகவும் அமைத்தல் மெதுவாகவும் நிகழ்கின்றன.
அ) கூற்று சரி, காரணம் தவறு ஆ) கூற்று தவறு, காரணம் சரி இ) கூற்றும் சரி, காரணமும் சரி ஈ) இரண்டும் தவறு

குறுவினா

1. ‘உடற்பயிற்சியே எலும்பின் ஆசான்’ – ஏன்?
2. எலும்புக்குக் கடினத்தையும் வளைந்து கொடுக்கும் தன்மையையும் தருவன யாவை?

சிறுவினா

1. பின்லாந்து ஆய்வுக்கும் கிரேட் லேக்ஸ் ஆய்வுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
2. வலியை மறைப்பது வீரமாகாது – பாடப்பகுதி கொண்டு நிறுவுக.

நெடுவினா

‘பயிற்சி முகாம் எலும்பைச் சோதிக்கிறது, எலும்பை உருவாக்குவது அதற்கு முந்தைய காலம்’ – இக்கூற்றைத் தக்க சான்றுகளுடன் கட்டுரையாக்குக.

செயல் திட்டம்

ஒரு வாரம் உண்ட உணவு, உறங்கிய நேரம், வெயிலில் விளையாடிய நேரம் ஆகியவற்றை அட்டவணைப்படுத்தி, எலும்பு நலத்திற்கேற்ற மாற்றங்களை வகுப்பில் கலந்துரையாடுக.